கட்சி ஓட்டும் மாறுகிற ஓட்டும்: தமிழ்நாட்டுத் தேர்தல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்சி ஓட்டு, பொது ஓட்டு என்று பிரிக்கிறார்களே, நிஜமாகவே அப்படி ஒன்று உண்டா?

உண்டு. எப்போதும் ஒரே கட்சிக்கு விழுவது கட்சி ஓட்டு, தேர்தலுக்குத் தேர்தல் மாறுவது பொது ஓட்டு. கட்சி ஓட்டின் அளவைப் பார்க்க, அந்தக் கட்சி மண்ணைக் கவ்விய தேர்தலைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 1991-ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு நடந்த சட்டமன்றத் தேர்தலில் திமுகவுக்குக் கிடைத்தது 2 இடம். ஓட்டு சுமார் 22.5 சதவீதம். 1996-ல் அதிமுகவுக்கு 4 இடம், முதல்வராக இருந்த ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். ஓட்டு சுமார் 21.5 சதவீதம்.

இது மாநிலம் முழுவதற்குமான சதவீதம். 1991-ல் திமுக 176 தொகுதிகளிலும், 1996-ல் அதிமுக 168 தொகுதிகளிலும்தான் நின்றன. போட்டியிட்ட இடங்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டுக்குமே 30 சதவீதத்தை ஒட்டி வரும். அதில் கூட்டணிக் கட்சிகளின் ஓட்டும் கலந்திருக்கும் என்றாலும், ஊரே எதிராகத் திரும்பிய நேரத்தில் பத்தில் மூன்று பேர் நகரவில்லை என்பது சாதாரண விஷயமில்லை.

2011-லும் திமுகவுக்கு 22.4 சதவீதம்தானே, அதுவும் அதே அடிமட்டம்தானே என்று சிலர் எழுதுகிறார்கள். தவறு. அந்த முறை அது நின்றதே 120 தொகுதிகளை ஒட்டித்தான். நின்ற இடங்களில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கித் தோற்றது. போட்டியிட்ட இடங்களின் எண்ணிக்கையைப் பார்க்காமல் சதவீதத்தை ஒப்பிட்டால் கணக்கு இப்படித்தான் சறுக்கும்.

ஆட்சி கவிழ்ந்தால் மக்கள் மனம் மாறிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

பல நேரம் மாறியது கூட்டணிதான். 1967-ஐப் பாருங்கள். காங்கிரஸுக்கு 41.1 சதவீதம், திமுகவுக்கு 40.7 சதவீதம். ஓட்டில் முன்னால் நின்ற காங்கிரஸ் ஆட்சியை இழந்தது, 174 இடங்களில் நின்ற திமுக 137-ஐ வென்றது. ராஜாஜியின் சுதந்திராக் கட்சி உட்பட எதிர்க்கட்சிகள் ஓட்டைச் சிதறவிடாமல் ஒரே பக்கம் நின்றதுதான் காரணம். காங்கிரஸுக்கு 1962-ல் 46 சதவீதம் இருந்ததால், ஓட்டு சரிந்ததும் உண்மை. ஆனால் அந்த ஐந்து சதவீதச் சரிவு மட்டும் ஆட்சியைக் கவிழ்த்திருக்காது.

ஒரே வருடத்துக்குள் மாற்றிப் போட்ட வரலாறு இருக்கிறதா?

இரண்டு உண்டு. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதுதான் வழக்கமான பிழை.

1989 ஜனவரி சட்டமன்றத் தேர்தலில் திமுக 150 இடங்களை வென்றது. அதே ஆண்டு நவம்பர் மக்களவைத் தேர்தலில் திமுகவுக்கு ஒன்றுகூட இல்லை, அதிமுக–காங்கிரஸ் அணிக்கு 39-ல் 38. பத்து மாதத்தில் மக்கள் தலைகீழாகத் திரும்பிவிட்டதாகத் தோன்றும். ஆனால் ஜனவரிக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். திமுகவுக்கு 33 சதவீதம். சேவல் சின்னத்தில் நின்ற ஜெயலலிதா அணிக்கு 21, தனியாக நின்ற காங்கிரஸுக்கு 20, இரட்டைப் புறாவில் நின்ற ஜானகி அணிக்கு 9. பின்னவை மூன்றையும் கூட்டினால் 50. நவம்பரில் அந்த மூன்றும் ஒரே பக்கம் நின்றன. ஒரு வாக்காளர்கூட மனம் மாறாமலேயே வந்திருக்கக்கூடிய முடிவு அது.

1980 வேறு கதை. ஜனவரி மக்களவைத் தேர்தலில் திமுக–இந்திரா காங்கிரஸ் அணி 37 இடங்களை அள்ளியது. அதிமுக கோபிசெட்டிபாளையம், சிவகாசி இரண்டோடு நின்றது. பிப்ரவரியில் எம்ஜிஆர் ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதக் கடைசியில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அதிமுக மட்டும் 129 இடம். சிறிய கட்சிகளின் பக்கம் சற்று மாறியிருந்தாலும் திமுக–காங்கிரஸ் கூட்டு அப்படியே இருந்தது. ஆகவே இங்கே ஓட்டே நகர்ந்திருக்கிறது. டெல்லிக்கு ஒருவர், கோட்டைக்கு ஒருவர் என்று பிரித்துப் போடும் பழக்கம் தமிழ்நாட்டில் பளிச்சென்று தெரிந்தது அப்போதுதான்.

அப்படிப் பிரித்துப் போடுவது ஒரே நாளில், ஒரே பூத்திலும் நடக்குமா?

நடந்திருக்கிறது. 2019 ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலோடு 18 சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தலும் நடந்தது. அந்த ஊர்களில் ஒரே வாக்காளர் அடுத்தடுத்து இரண்டு இயந்திரங்களில் பொத்தானை அழுத்தினார்.

தர்மபுரி மக்களவைத் தொகுதியை வென்றது திமுக. அதற்குள் அடங்கிய அரூர், பாப்பிரெட்டிப்பட்டி இடைத்தேர்தல்களை வென்றது அதிமுக. சிவகங்கையில் காங்கிரஸ் பெரும் வித்தியாசத்தில் வென்றபோது, அதில் அடங்கிய மானாமதுரை அதிமுகவுக்குப் போனது. தூத்துக்குடியில் கனிமொழி வென்றார், விளாத்திகுளத்தில் அதிமுக வென்றது. தேனியில் எல்லாம் எதிர்த்திசை: மாநிலத்திலேயே அதிமுக வென்ற ஒரே மக்களவைத் தொகுதி அது, ஆனால் ஆண்டிபட்டியும் பெரியகுளமும் திமுகவுக்குப் போயின. ஆண்டிபட்டியில் எதிரெதிரே நின்ற இருவரும் அண்ணன் தம்பி என்பது உபரிச் செய்தி.

அடுத்த மாதம் நடந்த நான்கையும் சேர்த்து 22 இடைத்தேர்தல்களில் திமுக 13, அதிமுக 9. அந்த ஒன்பதுதான் எடப்பாடி பழனிசாமி ஆட்சியைக் காப்பாற்றியது. இப்படிப் பிரித்துப் போட்ட வாக்காளர்களைக் கட்சி மாறியவர்கள் என்று எந்தப் பட்டியலில் சேர்ப்பது? மக்களவைக்குத் தேசிய அணியைப் பார்த்தார்கள், சட்டமன்றத்துக்கு உள்ளூரைப் பார்த்தார்கள். ஒரே வாக்காளருக்கு இரண்டு விசுவாசம் இருக்கலாம் என்பதுதான் இதற்குப் பொருத்தமான விளக்கம்.

எங்கள் பூத்தில் எத்தனை பேர் மாறினார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வாக்குச்சாவடி வாரியான இறுதி முடிவுத் தாளுக்குப் படிவம் 20 என்று பெயர். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதி வாரியாகக் கிடைக்கும். ஒவ்வொரு வரிசையும் ஒரு வாக்குச்சாவடி, ஒவ்வொரு பத்தியும் ஒரு வேட்பாளர், பிறகு நோட்டா, மொத்தம். தபால் ஓட்டு கடைசியில் தனியாக இருக்கும். அதை எந்தப் பூத்திலும் சேர்க்கக் கூடாது.

முதலில் பூத்துகளைப் பொருத்துங்கள். எண்ணை நம்பாதீர்கள். வாக்காளர் எண்ணிக்கை கூடினால் பூத்தைப் பிரிப்பார்கள், 87 என்பது 91 ஆகிவிடும். இரண்டு தேர்தல்களின் வாக்குச்சாவடிப் பட்டியலையும் எடுத்து, கட்டடத்தையும் தெருக்களையும் வைத்துப் பொருத்த வேண்டும். 'ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி, வடக்குப் பார்த்த கட்டடம், மேற்குப் பகுதி' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு அடுத்த வரியே அதே பள்ளியின் கிழக்குப் பகுதியாக இருக்கும். இரண்டும் வெவ்வேறு தெருக்களுக்கானவை, பல ஊர்களில் வெவ்வேறு சாதியார் வாழும் தெருக்கள். மேற்கையும் கிழக்கையும் மாற்றிப் பொருத்திவிட்டால், நடக்காத மாற்றம் ஒன்றைப் 'புரட்சி' என்று எழுதிவிடுவோம். ஆண்கள், பெண்கள், அனைத்து வாக்காளர்கள் என்ற குறிப்பையும் பாருங்கள். ஆண்கள் பூத்தைப் பொதுப் பூத்தோடு ஒப்பிடக் கூடாது.

இன்னொன்று, 2008 தொகுதி மறுவரையறைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடாதீர்கள். ஒரே பெயர் இருந்தாலும் தொகுதியின் எல்லை வேறு.

இனிக் கணக்கு. ஒரு கற்பனைப் பூத். முதல் தேர்தலில் பதிவான ஓட்டு 760. அ கட்சிக்கு 380, ஆ கட்சிக்கு 320, மற்றவர்களுக்கு 60. அடுத்த தேர்தலில் பதிவானது 780. அ 330, ஆ 390, மற்றவர்கள் 60. சதவீதத்தில் அ 50-லிருந்து 42.3-க்கு இறங்கியது, ஆ 42.1-லிருந்து 50-க்கு ஏறியது. இறக்கம் 7.7, ஏற்றம் 7.9, சராசரி 7.8. பத்திரிகைகள் 'ஓட்டு மாற்றம்' என்று போடும் எண் இதுதான்.

அப்படியானால் 50 பேர் அ-விலிருந்து ஆ-வுக்குத் தாவினார்களா? இருக்கலாம். அ-வின் 20 பேர் இறந்தோ ஊர் மாறியோ பட்டியலிலிருந்து நீங்கி, 30 பேர் சலிப்பில் வீட்டிலேயே இருந்து, புதிதாகச் சேர்ந்தவர்களில் 70 பேர் ஆ-வுக்குப் போட்டிருந்தாலும் இதே எண்கள் வரும். அப்போது மனம் மாறியவர் ஒருவர்கூட இல்லை. எதிர்ப்பக்கமும் உண்டு: 120 பேர் அ-விலிருந்து ஆ-வுக்கு வந்து, 70 பேர் ஆ-விலிருந்து அ-வுக்குப் போயிருக்கலாம், தாளில் தெரிவது 50 மட்டுமே. படிவம் 20 நிகரத்தைத்தான் காட்டும். வாக்காளர் பட்டியலில் நீக்கம், சேர்க்கை எத்தனை என்று பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால், குறைந்தபட்சம் எந்த விளக்கம் சாத்தியமே இல்லை என்றாவது தெரியும்.

பூத் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு நுட்பம். எதிரிக்குப் போய்விட்ட ஓர் ஓட்டு வித்தியாசத்தில் இரண்டைக் கெடுக்கும். வராமல் நின்றுவிட்ட ஓட்டு ஒன்றைத்தான் கெடுக்கும். ஆனாலும் அதிருப்தியிலிருக்கும் சொந்தக் கட்சிக்காரர் எதிர்ச் சின்னத்தில் குத்துவதைவிட வீட்டில் இருந்துவிடுவதே சுலபம். வாக்குப்பதிவு சதவீதம் ஏறியதா இறங்கியதா என்று மொத்தமாகப் பார்க்காமல், உங்கள் கட்சி வலுவாக இருக்கும் தெருக்களில் மட்டும் இறங்கியதா என்று பாருங்கள்.

நான் மாற்றிப் போட்டது கட்சிக்காரர்களுக்குத் தெரிந்துவிடுமா?

உங்கள் ஓட்டு தெரியாது. உங்கள் பூத்தின் ஓட்டு தெரியும். சின்ன ஊராக இருந்து, உங்கள் தெருவுக்கென்றே ஒரு பூத் இருந்தால் 'உங்க தெரு போடல' என்று சொல்ல அந்தத் தாள் போதும். 'யார் போட்டது என்று கேமராவில் பார்த்துவிடுவோம்' என்பது வெறும் மிரட்டல். கேமரா வரிசையையும் அறையையும் பார்க்கும், மறைப்புக்குள் பார்க்கக் கூடாது. ரகசியத்தைக் காக்கத் தவறும் அதிகாரிக்கும் முகவருக்கும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 128-வது பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை உண்டு.

பல பூத்துகளின் ஓட்டைக் கலந்து எண்ணும் டோட்டலைசர் கருவி பற்றி நீண்ட நாளாகப் பேச்சு இருக்கிறது. 2015-ல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. நடைமுறைக்கு வரவில்லை. வந்தால் மேலே சொன்ன பூத் கணக்கெல்லாம் போட முடியாது. ஆனால் தெருவைப் பழிவாங்கவும் முடியாது என்பதால், அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளலாம்.

கட்சி உறுப்பினர் அட்டை வைத்திருக்கிறேன். வேறு கட்சிக்குப் போட்டால் சட்டப்படி தவறா?

இல்லை. கட்சித் தாவல் தடைச் சட்டம் (1985) எம்எல்ஏ, எம்பிக்களுக்குத்தான். இப்படித்தான் போட வேண்டும் என்று உத்தரவிடும் கொறடா வாக்காளருக்குக் கிடையாது.

வேட்பாளர் கட்சி மாறினால் அவருடைய ஓட்டும் கூடப் போகுமா?

பெரும்பாலும் கொஞ்சம்தான் போகும். மீதியைப் புதுக் கட்சியின் சின்னம் கொடுக்கும். செந்தில் பாலாஜி 2016-ல் அரவக்குறிச்சியில் அதிமுக வேட்பாளராக வென்றார். 2019 மே இடைத்தேர்தலில் அதே தொகுதியில் திமுக வேட்பாளராக வென்றார். தங்க தமிழ்ச்செல்வன் 2019-ல் தேனியில் டிடிவி தினகரனின் அமமுக சார்பில் நின்று தோற்றார், 2024-ல் அதே தேனியில் உதயசூரியனில் நின்று வென்றார். அந்த முறை தோற்றவர் அமமுக பொதுச்செயலாளர் தினகரனே. ஆள் ஒருவர்தான், அடியில் இருந்த சின்னம் வேறு.

சின்னம் இல்லாமலும் வெல்லலாம் என்பதற்கு ஆர்.கே.நகர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2016-ல் அங்கே ஜெயலலிதாவுக்கு 97,218, திமுகவின் சிம்லா முத்துச்சோழனுக்கு 57,673. 2017 டிசம்பர் இடைத்தேர்தலில் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற தினகரனுக்கு 89,013, இரட்டை இலையில் நின்ற மதுசூதனனுக்கு 48,306, திமுகவின் மருதுகணேஷுக்கு 24,651. திமுக டெபாசிட் இழந்தது.

அதிமுக ஓட்டு இரண்டாகப் பிரிந்தது ஒரு பாதி. மறுபாதி, திமுகவின் 57 ஆயிரத்தில் 33 ஆயிரம் காணவில்லை என்பது. பணம் என்றார்கள். ஆளுங்கட்சிக்குப் பாடம் புகட்ட, வெல்லக்கூடியவருக்குத் திமுகக்காரர்களே போட்டார்கள் என்றும் சொன்னார்கள். எது எவ்வளவு என்பது ஓட்டுத் தாளில் எழுதியிருக்காது. ஆனால் 2021-ல் அதே ஆர்.கே.நகரைத் திமுக வென்றது. 2017-ல் போனது இரவல் ஓட்டு. இடைத்தேர்தலில் ஆட்சி மாறப்போவதில்லை என்று தெரிந்தால், பரம்பரைக் கட்சிக்காரரும் ஒருமுறை கைமாற்றிப் பார்ப்பார்.

அப்படியானால் புதுக் கட்சிக்குப் போகும் ஓட்டும் இரவல்தானா?

தேமுதிகவுக்கு அப்படித்தான் ஆனது. 2006-ல் தனியாக நின்று 8.4 சதவீதம், விருத்தாசலத்தில் விஜயகாந்த் மட்டும் வெற்றி. 2011-ல் அதிமுக கூட்டணியில் 29 இடம், எதிர்க்கட்சித் தலைவர் பதவி. 2016-ல் 2.4 சதவீதம், பூஜ்யம். இரண்டு பெரிய கட்சிகளும் வேண்டாம் என்று வந்தவர்களுக்கு, அதில் ஒன்றோடு கைகோத்த பிறகு நிற்கக் காரணம் இல்லாமல் போனது.

நாம் தமிழர் கட்சி 2016-ல் 1.1, 2021-ல் 6.6, 2024-ல் 8.2 சதவீதம். ஒரு தொகுதிகூட வெல்லாமல் ஏறியது. 2024-ல் கரும்பு விவசாயி சின்னம் கைவிட்டுப் போய் மைக் வந்தது. அப்போதும் இறங்கவில்லை, 8 சதவீதத்தைத் தாண்டியதால் மாநிலக் கட்சி அங்கீகாரமும் கிடைத்தது. சின்னத்தின் பலத்தைப் பற்றி மேலே சொன்னதற்கு இது ஒரு விதிவிலக்கு.

வேட்பாளரைப் பற்றி முடிவெடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

வேட்புமனுவோடு தரும் படிவம் 26, அதாவது பிரமாணப் பத்திரம். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்கும். சொத்து மதிப்பைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். அதைவிடப் பயனுள்ளது ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம், கடன், அரசுக்குத் தர வேண்டிய பாக்கி. இவரே முன்பு நின்றிருந்தால் பழைய பத்திரத்தையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். சொத்து ஏறியதும் உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். வாங்கிய விலையோடு இன்றைய சந்தை மதிப்பும் இருக்கும், நிலத்தின் விலை தானாகவே ஏறியிருக்கும். வழக்குப் பகுதியில் நிலுவையில் உள்ளதையும் தண்டனை பெற்றதையும் பிரித்துப் படியுங்கள். சாலை மறியலுக்குப் போட்ட வழக்கும் அதில்தான் இருக்கும், கொலை முயற்சி வழக்கும் அதில்தான் இருக்கும்.

பூத்தில் பெயரை மட்டும் பார்த்துக் குத்தாதீர்கள். 2024-ல் ராமநாதபுரத்தில் பலாப்பழம் சின்னத்தில் நின்ற ஓ. பன்னீர்செல்வத்தோடு, அதே பெயரில் இன்னும் சில சுயேச்சைகளும் நின்றார்கள். சின்னம், புகைப்படம் இரண்டையும் பாருங்கள்.

பணம் வாங்கியாயிற்று. வேறு ஒருவருக்குப் போட்டால் துரோகமா?

அது ஒப்பந்தமே இல்லை. கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் லஞ்சக் குற்றம், ஓராண்டு வரை சிறை உண்டு. கோயிலில் சத்தியம் வாங்கினாலும் சட்டத்தில் அதற்கு மதிப்பில்லை. பண விநியோகத்துக்காகத் தேர்தலே நின்றுபோனதும் உண்டு: 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர், 2019-ல் வேலூர். புகார் தர தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலி இருக்கிறது, பெயர் சொல்லாமலும் அனுப்பலாம்.

வீட்டில் பெரியவர் நாற்பது வருடமாக ஒரே கட்சி. பேசி மாற்ற முடியுமா?

பொதுத்தேர்தலுக்கு முந்தைய மாதத்தில் முயலாதீர்கள். அமெரிக்காவில் ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மன் இருவரும் 49 களச் சோதனைகளைத் தொகுத்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், பொதுத்தேர்தல் நேரத்தில் வீட்டுக்கு வந்து பேசுவதும் விளம்பரமும் வேட்பாளர் தேர்வை மாற்றும் சராசரி விளைவு பூஜ்யம் என்று வந்தது. அங்கே இருப்பது போலவே இங்கேயும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் காரணம் இங்கேயும் பொருந்தும்: தேர்தல் நெருங்க நெருங்கச் சின்னம் முன்னால் வந்து நின்றுவிடும், ஆள் பின்னால் போய்விடுவார்.

'உன் தலைவர் மோசம்' என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. தலைவரைத் தொடாமல் வேட்பாளரைப் பற்றி மட்டும் கேளுங்கள். 'எம்ஜிஆர் கட்சியை விட வேண்டாம், ஆனா இந்த ஆள் அஞ்சு வருஷத்துல நம்ம பக்கம் வந்தாராப்பா?' என்ற கேள்விக்கு விசுவாசி பதில் யோசிப்பார். அப்படியும் அவர் எதிர்க்கட்சிக்குப் போட மாட்டார். அதிகபட்சம் அந்த ஒரு தேர்தலில் வரிசையில் நிற்க மாட்டார்.

பொத்தானை அழுத்திய பிறகு மனம் மாறினால்?

முடிந்தது, திரும்பப் பெற முடியாது. விவிபேட் (போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சடித்துக் காட்டும் கருவி) கண்ணாடிக்குள் சீட்டு 7 விநாடி தெரிவது சரிபார்க்கத்தான், மாற்ற அல்ல. நீங்கள் அழுத்தியது ஒன்று, சீட்டில் வந்தது வேறு என்றால் 49எம்ஏ விதிப்படி வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். முகவர்கள் முன்னிலையில் சோதனை ஓட்டு போடச் சொல்வார்கள். புகார் உண்மையானால் வாக்குப்பதிவு நிறுத்தப்படும். பொய்யானால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ வரலாம். ஆகவே 'தப்பா அழுத்திட்டேன்' என்பதற்கு இந்த விதியைப் பயன்படுத்தப் பார்க்காதீர்கள்.

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, மை வைத்த பிறகும் இயந்திரத்துக்கு முன் போகாமல் ஓட்டளிக்க விரும்பவில்லை என்று சொல்ல முடியும். 49-ஓ விதி இன்னும் இருக்கிறது. அலுவலர் பதிவேட்டில் குறித்து உங்களிடம் கையெழுத்து வாங்குவார். எல்லோர் முன்னிலையிலும் நடப்பதால் ரகசியம் போய்விடும். அதனால்தான் 2013-ல் உச்ச நீதிமன்றம் நோட்டா பொத்தானைக் கொண்டுவரச் சொன்னது.

நோட்டாவுக்குப் போட்டால் என் கட்சி வேட்பாளருக்கு உறைக்குமா?

எண்ணாக மட்டும் தெரியும். நோட்டாவே முதலிடம் பிடித்தாலும் அடுத்து வந்த வேட்பாளர்தான் எம்எல்ஏ. டெபாசிட் திரும்பக் கிடைக்க, செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். அந்தக் கணக்கிலும் நோட்டா சேராது. ஆர்.கே.நகர் 2017-ல் நோட்டாவுக்கு 2,373, பாஜகவுக்கு 1,417 என்று வந்து செய்தியானதுபோல் ஒருநாள் தலைப்பாகலாம். கட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து அடுத்த முறைக்கு ஆள் தேடுகிறவர்கள் பார்ப்பது நோட்டா பத்தியை அல்ல, மக்களவைத் தேர்தலில் கட்சி அந்தப் பூத்தில் வாங்கியதைவிடத் தங்கள் வேட்பாளர் சட்டமன்றத் தேர்தலில் எத்தனை குறைவாக வாங்கினார் என்பதைத்தான்.